அசலுக்கு மேல் வட்டி போகக் கூடாது: பிரிட்டன் பேடே லோனுக்குக் கடிவாளம் போட்ட கதை

ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "சம்பள நாள் வரை தாக்குப்பிடிக்கக் கொடுக்கும் பேடே லோன்களுக்கு அரசு வரம்பு விதித்தால், நிறுவனங்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடும், அவசரத்துக்குக் கடன் கிடைக்காத ஏழை கந்துவட்டிக்காரரிடம் போய் மாட்டிக்கொள்வார் என்கிறார்களே, உண்மையா? அரசு தலையிட்டதால் கடன் வாங்கியவர்கள் பிழைத்த நாடு ஏதாவது இருக்கிறதா?"

இருக்கிறது. பிரிட்டன். அங்கே 2015 ஜனவரி 2 முதல் ஒரு விதி நடைமுறையில் உள்ளது. நீங்கள் சொல்லும் அச்சம் அந்த விதி வருவதற்கு முன் அங்கேயும் பலமாகப் பேசப்பட்டது. பிறகு என்ன நடந்தது என்பதைக் கணக்கெடுத்தும் பார்த்துவிட்டார்கள். கிழக்கு லண்டனில் ஒரு கடன் ஆலோசனை மையத்தில் சில ஆண்டுகள் வார இறுதிகளில் தொண்டராக இருந்தவன் நான். விதிக்கு முந்திய காலத்தையும் பிந்திய காலத்தையும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இந்தக் கடன் எப்படிப்பட்டது என்று புரிய வேண்டும். 2012இல் எங்கள் மையத்துக்கு யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. கார் பழுதாகிவிட்டது, கார் இல்லாமல் அந்த நேரத்தில் வேலைக்குப் போக முடியாது. 200 பவுண்ட் தேவைப்பட்டது. சொந்தக்காரர்களிடம் கேட்டிருக்கலாம், சீட்டுப் பிடிக்கிறவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை. கைபேசியில் பத்து நிமிடத்தில் கடன் கிடைத்தது. மாதக் கடைசியில் 260 கட்ட வேண்டும். கட்டினால் வாடகைக்கு இல்லை. "60 மட்டும் கட்டுங்கள், மீதியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நிறுவனமே செய்தி அனுப்பியது. எட்டு மாதம் அப்படியே ஓடியது.

"தம்பி, நான் எடுத்தது இருநூறு. கட்டினது நானூற்று எண்பது. இன்னும் இருநூறு அப்பிடியே நிக்குது. இது எந்தக் கணக்கு?" என்று கேட்டார். அவர் கேட்ட கேள்விக்கு அன்றைய சட்டத்தில் பதில் இல்லை. கணக்கில் பிழை ஏதும் இல்லை. எல்லாம் ஒப்பந்தப்படியே நடந்திருந்தது.

இந்தத் தொழிலின் லாபமே அந்த "அடுத்த மாதம்" என்ற சொல்லில்தான் இருந்தது. அன்றைய அரசுக் கண்காணிப்பு அமைப்பான நியாய வணிக அலுவலகம் 50 பெரிய நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்ந்து 2013 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இதை உடைத்துக் காட்டியது. கொடுத்த கடன்களில் 28 சதவீதம் ஒரு முறையாவது தள்ளிப்போடப்பட்டவை. அந்த 28 சதவீதத்திலிருந்துதான் நிறுவனங்களின் வருவாயில் ஏறக்குறைய பாதி வந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான்: நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014இல் ஆராய்ந்தபோது, 80 சதவீதத்துக்கும் அதிகமான பேடே லோன்கள் 14 நாளுக்குள் மீண்டும் புதுப்பிக்கப்பட்டன, அல்லது அடுத்த கடனாக மாறின. விளம்பரத்தில் இது அவசரத்துக்கு ஒரு முறை வாங்கும் கைமாத்து. வாங்கிய மாதமே கட்டிவிட்டுப் போகிறவரால் நிறுவனத்துக்குப் பெரிய ஆதாயம் இல்லை. கட்ட முடியாமல் திரும்பத் திரும்ப வருகிறவரே அவர்களின் நல்ல வாடிக்கையாளர்.

பிரிட்டனுக்கு வட்டி வரம்பு புதிதல்ல. பழைய வட்டிச் சட்டங்களை 1854இல் எடுத்துவிட்டார்கள். பிறகு 1927ஆம் ஆண்டு வட்டிக்கடைக்காரர் சட்டம், ஆண்டுக்கு 48 சதவீதத்துக்கு மேல் போனால் அது அநியாய வட்டி என்றே நீதிமன்றம் முதலில் கருதும் என்றது. நியாயம்தான் என்று நிரூபிப்பது கடன் கொடுத்தவர் பொறுப்பு. 1974இல் வந்த நுகர்வோர் கடன் சட்டம் அந்த 48ஐயும் நீக்கியது. உரிமம் இருந்தால் போதும், விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம். 2008 நெருக்கடிக்குப் பின் வங்கிகள் சின்னக் கடன்களை நிறுத்திக்கொண்டதும் அந்தத் திறந்த வெளியில் பேடே நிறுவனங்கள் புகுந்தன. வோங்கா என்ற நிறுவனத்தின் விளம்பரத்தில் ஆண்டு வட்டி விகிதம் 5,853 சதவீதம் என்று வெளிப்படையாகவே போட்டிருக்கும். 2012இல் அதன் லாபம் 6 கோடிப் பவுண்டைத் தாண்டியது. நியூகாசில் கால்பந்து அணியின் சட்டையில் அதன் பெயர் இருந்தது.

2013இல் மட்டும் 16 லட்சம் பேர் ஏறத்தாழ ஒரு கோடிக் கடன்கள் வாங்கினார்கள், மொத்தம் 250 கோடிப் பவுண்ட். ஆளுக்குச் சராசரி ஆறு கடன்.

எதிர்ப்பும் அதே வேகத்தில் வளர்ந்தது. வால்தம்ஸ்டோ தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்டெல்லா கிரீசி 2010இலிருந்து இதை விடாமல் பேசிவந்தார். அவர் தொகுதி எங்கள் மையத்திலிருந்து பஸ் தூரம்தான். 2013 ஜூலையில் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, கடன் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்து வோங்காவைப் போட்டியிலேயே ஒழித்துக்கட்டுவோம் என்றார். சில நாட்களில் அவருடைய திருச்சபையின் பணமே சுற்றிவளைத்து வோங்காவில் முதலீடாகியிருப்பது வெளியே வந்தது. அவர் சங்கடத்தை ஒப்புக்கொண்டார், ஆனால் பின்வாங்கவில்லை. எனக்கு அவர் மேல் மதிப்பு கூடியது அப்போதுதான்.

அந்த ஆண்டு இறுதியில் வந்த வங்கிச் சீர்திருத்தச் சட்டம், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையத்துக்கு ஒரு கடமையை விதித்தது. கவனியுங்கள், "வரம்பு விதிக்கலாம்" என்றில்லை, "விதிக்க வேண்டும்", அதுவும் 2015 ஜனவரி 2க்குள். தேதி போட்டுக் கட்டளையிட்டதால்தான் நிறுவனங்களால் இழுத்தடிக்க முடியவில்லை என்பது என் கருத்து.

விதியில் மூன்று எண்கள். வட்டியும் கட்டணமும் சேர்த்து ஒரு நாளைக்குக் கடன் தொகையில் 0.8 சதவீதத்துக்கு மேல் கூடாது. தவணை தவறினால் அபராதம் மொத்தமே 15 பவுண்ட். மூன்றாவது: வட்டி, கட்டணம், அபராதம் எல்லாம் சேர்த்து வாங்கிய கடன் தொகையை ஒருபோதும் தாண்டக் கூடாது. 200 வாங்கியவர் எத்தனை மாதம் இழுத்தாலும், எத்தனை முறை தவறினாலும், மொத்தமாக 400க்கு மேல் ஒரு பென்னிகூடக் கட்ட வேண்டியதில்லை. இதை மீறிய ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது, நீதிமன்றம் போய் வசூலிக்க முடியாது.

பத்திரிகைகள் எல்லாம் முதல் எண்ணைப் பற்றியே எழுதின. நாளுக்கு 0.8 என்றால் 30 நாளுக்கு 100 பவுண்டுக்கு 24 பவுண்ட். ஆண்டு விகிதமாக மாற்றினால் இன்னமும் ஆயிரம் சதவீதத்துக்கு மேல்தான். இதுவா பாதுகாப்பு என்று கோபப்பட்டவர்கள் உண்டு, நானும் முதலில் கோபப்பட்டேன். பிறகு யோசித்தால், உயிர்நாடி மூன்றாவது எண்ணில் இருக்கிறது. ஆண்டு விகிதம் என்பது சாதாரண மனிதருக்குப் பிடிபடாத கணக்கு. "வாங்கியதைப் போல இரண்டு மடங்கு, அதோடு முடிந்தது" என்பது யாருக்கும் புரியும். நாளுக்கு 0.8 வீதம் போனால் 125ஆம் நாள் வட்டி அசலைத் தொட்டுவிடும். அன்றோடு கடிகாரம் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு கடனாளியை ஓட்டிக்கொண்டே இருப்பதில் நிறுவனத்துக்கு எந்த ஆதாயமும் இல்லை. அப்படியானால் கட்ட முடியாதவருக்குக் கடன் கொடுப்பதே நஷ்டம். கொடுக்கும் முன்பே "இவரால் கட்ட முடியுமா?" என்று நிறுவனம் தானாகவே பார்க்கத் தொடங்கும். ஒரு காவலரும் வரத் தேவையில்லை, கடனாளி எந்த அலுவலகப் படியும் ஏறத் தேவையில்லை.

இதற்கு ஆறு மாதம் முன்பே, 2014 ஜூலை முதல், வேறு இரண்டு விதிகள் வந்திருந்தன. கடனை இரண்டு முறைக்கு மேல் தள்ளிப்போட விடக் கூடாது. வங்கி அட்டையிலிருந்து நிறுவனம் தானே பணம் எடுக்கும் அனுமதி இருக்கிறதே, அதை வைத்து இரண்டு முறை முயன்று கிடைக்காவிட்டால் அதோடு நிறுத்த வேண்டும், இருக்கிற கொஞ்சத்தை வழித்தெடுக்கவும் கூடாது. இந்த இரண்டாவது விதியின் அருமை மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் சம்பளம் கணக்கில் விழுந்த நள்ளிரவிலேயே கணக்கைத் துடைத்து எடுத்துவிடுவார்கள். காலையில் எழுந்து பார்த்தால் பிள்ளைக்குப் பால் வாங்கக்கூட இருக்காது. வட்டி வீதம் எவ்வளவு என்று எங்களிடம் கேட்டு அழுதவர்கள் குறைவு. அந்தக் காலைப் பொழுதைச் சொல்லித்தான் அழுதார்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையம்: கடன் கிடைக்காமல் போனவர்கள் கந்துவட்டிக்குப் போனார்களா? ஆணையமே விதி போடும்போது ஒளிவு மறைவின்றிச் சொன்னது: அப்போதைய கடனாளிகளில் சுமார் 7 சதவீதம், ஏறக்குறைய 70,000 பேருக்கு இனிக் கடன் கிடைக்காது, அவர்களுக்கு அது நன்மைதான் என்று கருதுகிறோம் என்று. 2017இல் திரும்பிப் பார்த்தார்கள். 7,60,000 பேர் ஆண்டுக்கு 15 கோடிப் பவுண்ட் மிச்சப்படுத்தியிருந்தார்கள். கடன் மறுக்கப்பட்டவர்களிடம் விசாரித்தபோது, வரம்பின் காரணமாகச் சட்டவிரோத வட்டிக்காரர்களிடம் போனதற்கான சான்று கிடைக்கவில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள், கடன் கிடைக்காமல் போனது நல்லதாகவே முடிந்தது என்றார்கள். தொழிலும் அழிந்துவிடவில்லை. 2018 ஜூன் வரையான ஓராண்டில் 54 லட்சம் கடன்கள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கோடியிலிருந்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, அவ்வளவே.

இதில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கடன் மறுக்கப்பட்டவருடைய கார் இன்னமும் பழுதாகத்தான் நிற்கிறது. கடன் கூட்டுறவுச் சங்கம் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது, 100 பவுண்டுக்கு மாதம் 3 பவுண்ட். அது நல்ல மருந்துதான். ஆனால் உறுப்பினராகி, தாள் நிரப்பிக் காத்திருக்க வேண்டும், பல ஊர்களில் சங்கமே இல்லை. பேராயர் சொன்ன போட்டி அந்த அளவுக்கு நடக்கவில்லை. பேடே லோனை அடக்கியது விதிதான், போட்டி அல்ல.

வோங்காவின் முடிவு தெரிந்திருக்கும். இல்லாத வழக்கறிஞர் நிறுவனங்களின் பெயரில் கடனாளிகளுக்கு மிரட்டல் கடிதம் அனுப்பியது அம்பலமாகி, 2014இல் சுமார் 45,000 பேருக்கு இழப்பீடு தரும்படி ஆனது. அதே ஆண்டு அக்டோபரில், கட்டும் சக்தியைச் சரியாகப் பார்க்காமல் கொடுத்ததற்காக 3,30,000 பேரின் 22 கோடிப் பவுண்ட் கடனைத் தள்ளுபடி செய்தது. பழைய கடன்களுக்கான புகார்கள் குவிந்து 2018 ஆகஸ்ட் 30இல் நொடித்துப்போனது. ஆனால் நியாயம் கிடைத்ததா? நொடித்த நிறுவனத்திடம் பணம் இல்லை. இழப்பீட்டுக்குத் தகுதி பெற்றவர்களுக்கு ஒவ்வொரு பவுண்டுக்கும் 4.3 பென்னிதான் கிடைத்தது. 1,000 பவுண்ட் வர வேண்டியவருக்கு 43 பவுண்ட். தாமதமாக வந்த விதி, முன்பே அடிபட்டவர்களுக்கு ஆறுதல் தரவில்லை. இந்த இடத்தில் பிரிட்டனை நான் பாராட்ட மாட்டேன்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. மத்தியச் சட்டம் ராணுவத்தினருக்கு மட்டும் 2006இலிருந்து ஆண்டுக்கு 36 சதவீத வரம்பு வைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது. நெப்ராஸ்கா மக்கள் 2020இல் வாக்கெடுப்பில் 36 சதவீதத்தை ஏற்றார்கள், இலினாய் 2021இல் சட்டமே போட்டது. ஆண்டுக்கு 36 என்றால் இரண்டு வாரத்துக்கு 100 டாலருக்கு ஒன்றரை டாலர்கூட வராது. அங்கே வழக்கமான கட்டணம் 15 டாலர். ஆகவே அந்த மாநிலங்களில் பேடே கடைகள் மூடப்படுகின்றன. அது வரம்பு என்ற பெயரில் ஒரு தடை. தடை வேண்டுமா வரம்பு வேண்டுமா என்பது அந்தந்த மக்கள் முடிவு, ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பேசினால் உங்கள் கேள்வி போலவே குழப்பம் வரும்.

ஓஹாயோவின் அனுபவத்தை மட்டும் தவறவிடாதீர்கள். 2008இல் 28 சதவீத வரம்பு போட்டார்கள், மக்களும் வாக்களித்து உறுதி செய்தார்கள். நிறுவனங்களோ வீட்டு அடமானக் கடன் சட்டத்தின் கீழ் உரிமம் எடுத்துக்கொண்டு அதே கடனை அதே விலைக்குத் தொடர்ந்து கொடுத்தன. 2014இல் மாநில உச்ச நீதிமன்றமும் அது சட்டப்படி சரிதான் என்றது. 2018இல் புதுச் சட்டம் வரும் வரை பத்தாண்டு வரம்பு காகிதத்தில் மட்டும் இருந்தது. பிரிட்டனின் விதி உரிமத்தின் பெயரைப் பார்க்கவில்லை. ஆண்டு விகிதம் 100 சதவீதத்துக்கு மேல், காலம் ஓராண்டுக்குள் என்றால், சில விலக்குகள் தவிர, கடனுக்கு என்ன பெயர் வைத்தாலும் பிடித்துவிடும்.

கடைசியாக நம் பக்கத்துச் செய்தி ஒன்று. இரண்டு மடங்கோடு கடன் தீர்ந்தது என்ற கருத்து லண்டனில் பிறந்ததல்ல. 1938இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது சென்னை மாகாணம் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் பாருங்கள். பழைய கடனுக்கு, அசலாகவோ வட்டியாகவோ, அசலைப் போல் இரண்டு மடங்கு ஒரு விவசாயி கட்டியிருந்தால் அசல் உட்பட முழுக் கடனும் தீர்ந்ததாகக் கொள்ளப்படும் என்கிறது. வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற தாம்துபட் என்னும் பழைய இந்து தர்ம விதியும் பம்பாய் மாகாணத்தில் நீதிமன்றங்கள் ஏற்று நடத்தியதே. பெட்ரோல் நிலையப் பெரியவரின் தாத்தா காலத்தில் பாக் நீரிணைக்கு இந்தக் கரையில் இருந்த நியாயம், அவருக்கு 2012இல் லண்டனில் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு அநியாய வட்டித் தடைச் சட்டம் இதிலிருந்து விலகிப்போனது. தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுத்து, சிறைத் தண்டனையும் வைத்தது. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சட்டம் அசைய வேண்டுமானால், மிரட்டப்படுகிறவர் காவல் நிலையத்துக்கோ ஆட்சியரிடமோ போக வேண்டும். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு கணவனும் மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளும் தீயில் கருகினார்களே, அவர்கள் மனுவோடு வந்தவர்கள். தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட, அடிபட்டவர் கதவைத் தட்டாமலே சட்டம் வேலை செய்கிறதா என்பதே எனக்கு முக்கியமாகப்படுகிறது.

செயலி வழிக் கடன்களில் ரிசர்வ் வங்கி ஓரளவு அந்த வழிக்கு வந்திருக்கிறது. அதன் குழு 2021இல் பார்த்தபோது இருந்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பர் 2இல் வந்த வழிகாட்டுதல்படி பணம் நேரே கடனாளியின் கணக்குக்கு வர வேண்டும், எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும், கைபேசித் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் செயலி தொடக் கூடாது. உறவினர்களுக்கு அசிங்கமான செய்தி அனுப்பி மானத்தை வாங்கும் கொடுமைக்கு அடிவேரே அந்தத் தொடர்புப் பட்டியல்தான், ஆகவே இது நல்ல விதி. ஆனால் "இதற்கு மேல் கட்ட வேண்டாம்" என்று சொல்லும் ஓர் எண் அதில் இல்லை. 1938இல் இருந்த அந்த எண்ணை இன்றைய சின்னக் கடன்களுக்கு மீண்டும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதைப் படிக்கிற யாராவது பிரிட்டனில் இப்படி ஒரு கடனில் இருந்தால்: கட்டும் சக்தியைப் பார்க்காமல் கொடுத்தார்கள் என்று முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடன் ஆலோசகர் வழியாக 60 நாள் மூச்சுவிடும் காலம் வாங்கலாம், அதற்குள் வட்டி ஏறாது, யாரும் துரத்த முடியாது. கடையிலோ கோயில் வாசலிலோ அறிமுகமாகி, பாஸ்போர்ட்டையோ வங்கி அட்டையையோ வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுத்தவர் நம்மவராகவே இருந்தாலும், ஆணையத்தின் அனுமதி இல்லாமல் தொழிலாகக் கொடுத்திருந்தால் அவர் செய்ததே குற்றம், வாங்கிய உங்கள் மேல் குற்றம் இல்லை. அந்தக் கடனை அவர் நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது. சட்டவிரோத வட்டிக்காரர்களைப் பிடிக்கவே அங்கே தனிக் குழு இருக்கிறது, பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம்.